தாய்வீடு போகும் பெண்ணோடு மருந்தும் போகட்டும்

பெறுநர்:
திட்ட இயக்குநர் அவர்கள், தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம், சென்னை.
இயக்குநர் அவர்கள், பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை, சென்னை.

மதிப்பிற்குரிய அம்மையீர், ஐயா,

வணக்கம். அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையம் ஒன்றில் எச்.ஐ.வி. தொற்றுள்ள கர்ப்பிணிகளுக்கு ஆலோசகராக நீண்ட காலம் பணியாற்றி, அண்மையில் பணியிலிருந்து விலகியவள் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். சொல்ல வருவது ஒன்றுதான். கர்ப்ப காலம் முழுவதும் விடாமல் பின்தொடர்கிற பெண்ணைப் பிள்ளை பிறந்த பிறகு நாம் நழுவ விடுகிறோம். அவர் தாய்வீடு போய்த் திரும்பும் அந்தச் சில மாதங்களில்தான் பெரும்பாலும் அது நேர்கிறது. இதைச் சரிசெய்யப் புதிய மருத்துவமனையோ புதிய மருந்தோ தேவையில்லை. இருக்கிற மையங்களுக்கிடையே ஓர் ஒழுங்கும், குழந்தையோடு தாயையும் கணக்கில் வைக்கச் சொல்லும் ஓர் ஆணையும் போதும்.

இந்த நோயை எதிர்கொண்டதில் நம் மாநிலம் பின்தங்கியதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில், சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமன் குழுவினரால். 1994இலேயே எய்ட்ஸ் கட்டுப்பாட்டுக்கெனத் தனிச் சங்கம் கண்டோம். 2004 ஏப்ரலில் மத்திய அரசு, எச்.ஐ.வி.யை அடக்கும் மருந்துகளை ஒருசேரத் தரும் கூட்டு மருந்துச் சிகிச்சையை (ஏ.ஆர்.டி.) இலவசமாகத் தொடங்கியபோது, தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை அதன் முதல் மையங்களில் ஒன்றாக இருந்தது. இன்று தமிழ்நாட்டில் நிகழும் பிரசவங்களில் 99 விழுக்காட்டுக்கு மேல் மருத்துவமனைகளில்தான் நிகழ்கின்றன என்று ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. கர்ப்பிணியைக் கண்டுபிடிப்பதும், பரிசோதிப்பதும், மருந்து தொடங்குவதும் நமக்குக் கைவந்த வேலைகள். அவற்றில் குறை சொல்ல இம்மடலை எழுதவில்லை.

குறை பிரசவ வார்டிலிருந்து வீடு திரும்பும் நாளில் தொடங்குகிறது. இதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. 2000த்தின் தொடக்க ஆண்டுகளில், பிரசவ வலி எடுத்ததும் தாய்க்கு நெவிரபின் என்னும் எச்.ஐ.வி. மருந்தில் ஒரு மாத்திரை, பிறந்த குழந்தைக்கு ஒரு வேளை நெவிரபின் சொட்டு மருந்து என்பதே நம்மிடமிருந்த சிகிச்சை. தன் உடல்நிலைக்காக மருந்து பெற அந்தத் தாய் நோய் முற்றும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தாய் என்பவர் குழந்தைக்கு மருந்து போய்ச் சேரும் வழி என்ற அளவிலேயே அன்றைய ஏற்பாடு அவரைப் பார்த்தது. கையில் மருந்து குறைவாக இருந்த காலத்தில் அது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் 2014 ஜனவரி முதல், தொற்றுள்ள ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் வாழ்நாள் முழுவதும் கூட்டு மருந்து தர வேண்டும் என்பது தேசியக் கொள்கை. கொள்கை மாறிப் பத்தாண்டுகளுக்கு மேலாகியும் நம் கண் குழந்தையின் மீதே நிற்கிறது. பிரசவத்துக்குப் பிறகு மையத்திலிருந்து போகும் தொலைபேசி அழைப்புகளைக் கேட்டாலே இது புரியும். "குழந்தைக்குச் சொட்டு மருந்து கொடுத்தீர்களா, ஆறாவது வாரம் ரத்தம் எடுக்கக் கூட்டிவருகிறீர்களா" என்பவை எல்லா அழைப்பிலும் வரும் கேள்விகள். "நீங்கள் நேற்று மாத்திரை போட்டீர்களா" என்பது நேரம் இருந்தால் வரும் கேள்வி.

இது நம் மாநிலத்துக்கு மட்டும் உரிய குறையல்ல. தொற்றுள்ள எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் வாழ்நாள் சிகிச்சை என்னும் முறையை உலகிலேயே முதலில், 2011இல், நாடு முழுவதும் கொண்டுவந்தது ஆப்பிரிக்காவின் மலாவி. அங்கே நடந்த, 2014இல் வெளியான ஆய்வு ஒன்று, நோய் முற்றித் தன் நலத்துக்காகச் சிகிச்சை தொடங்கிய பெண்களோடு ஒப்பிடும்போது, கர்ப்ப காலத்தில் சிகிச்சை தொடங்கிய பெண்கள் முதல் வருகைக்குப் பிறகு மையத்துக்குத் திரும்பாமலே போகும் வாய்ப்பு ஐந்து மடங்கு என்று கண்டது. பல நாடுகளின் 51 ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளியான இன்னொரு ஆய்வில், மருந்தைப் போதிய ஒழுங்கோடு எடுத்துக்கொண்டவர்கள் கர்ப்ப காலத்தில் 100க்கு 76 பேரளவில் இருந்து, பிரசவத்துக்குப் பிறகு 53 பேராகக் குறைந்திருந்தார்கள். உடம்பில் நோயின் அறிகுறி எதுவும் தெரியாத நிலையில், கர்ப்பப் பரிசோதனையின்போதுதான் தொற்று இருப்பதை அறிந்து, அந்த அதிர்ச்சி அடங்கும் முன்பே குழந்தைக்காக மாத்திரையை விழுங்கத் தொடங்கிய பெண், குழந்தை நலமாகப் பிறந்ததும் இனி எதற்கு என்று நினைப்பதில் வியப்பில்லை. அவருடைய உயிருக்காகவும்தான் இந்த மருந்து என்பதை நாம் அவர் மனதில் பதியும்படி சொன்னதில்லை.

உலகப் பொதுவான இந்தக் காரணத்துக்கு மேல், நம் ஊருக்கே உரிய காரணம் ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இம்மடல். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்ததும் நம் பெண்கள் தாய்வீடு போகிறார்கள், தலைப்பிரசவம் என்றால் பெரும்பாலும் தவறாமல். பிள்ளை பிறந்து மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ கணவன் வீட்டார் வந்து அழைத்துப் போகும் வரை அங்கேயே இருக்கிறார்கள். ஆனால் அவருடைய பெயரும், சிகிச்சைக் குறிப்பேடும், மாதாமாதம் அவர் வாங்க வேண்டிய மாத்திரைக் குப்பியும் கணவன் ஊருக்கு அருகிலுள்ள கூட்டு மருந்து மையத்தில் இருக்கின்றன. நாமக்கல்லில் வாக்கப்பட்ட பெண்ணின் தாய்வீடு தருமபுரியிலோ திருவண்ணாமலையிலோ இருக்கலாம். பச்சை உடம்புக்காரி, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, நாற்பது நாள் கழியும் முன் வாசல் தாண்டக் கூடாது என்கிற தாயிடம் ஏதாவதொரு காரணம் சொல்லிவிட்டு, இரண்டு பேருந்து மாறிப் போய் மாத்திரை வாங்கி வர வேண்டும் என்று நம் ஏற்பாடு எதிர்பார்க்கிறது. அவர் போகவில்லை என்றால் பதிவேட்டில் 'தொடர்பற்றவர்' என்று எழுதுகிறது. எங்கே இருக்கிறார் என்பது ஊருக்கே தெரிந்த ஒரு பெண்ணை இப்படிக் குறிப்பது எனக்கு எப்போதும் விசித்திரமாகவே பட்டிருக்கிறது.

வேறு மையத்துக்கு மாற்றல் பெறும் வழி விதிகளில் இருக்கிறது. ஆனால் அதைக் கேட்டு வாங்க வேண்டியவர் அந்தப் பெண்ணே. தாய்வீட்டு மாவட்டத்தில் மையம் எந்தக் கட்டடத்தில் இருக்கிறது, எந்தக் கிழமை போக வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. போதாததற்கு, அது அவர் பிறந்து வளர்ந்த ஊர். மருத்துவமனை வரிசையில் பள்ளித்தோழி நிற்கக்கூடும், மருந்துக் கொடுப்பாளர் ஒன்றுவிட்ட சித்தப்பாவாக இருக்கக்கூடும். கணவன் ஊரில் முகம் தெரியாதவராக மருந்து வாங்கிப் பழகியவர், பிறந்த ஊரில் அப்படி வாங்க முடியாது. ஆகவே எந்த மையம் அவருக்கு ஏற்றது என்பதை அவரிடமே கேட்க வேண்டும். தாய்வீட்டுக்கு மிக அருகில் உள்ள மையம்தான் சிறந்தது என்று நாமே முடிவு செய்துவிடக் கூடாது. சிலர் ஒரு மணி நேரம் கூடுதலாகப் பயணம் செய்தாவது அடுத்த மாவட்டத்து மையத்துக்குப் போகவே விரும்புவார்கள்.

எனவே நான் முதன்மையாகக் கோருவது இது. தொற்றுள்ள ஒவ்வொரு கர்ப்பிணியிடமும் ஆறாம் மாதத்துக்குள், "பிரசவத்துக்கு எங்கே போவீர்கள், எவ்வளவு காலம் அங்கே இருப்பீர்கள், அங்கே யாருக்கு உங்கள் நிலை தெரியும்" என்ற கேள்விகளைக் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதுவதைக் கட்டாயமாக்குங்கள். அவர் தேர்ந்தெடுக்கும் மையத்தின் ஆலோசகரோடு, அவர் புறப்படுவதற்கு முன்பே, அவர் முன்னிலையிலேயே தொலைபேசியில் பேசி ஒப்படைக்கச் சொல்லுங்கள். புதிய ஊரில் அவருக்குத் தெரிந்த குரல் ஒன்றாவது இருக்க வேண்டும். தாள் வந்து சேர்ந்தது என்பதை வைத்து ஒப்படைப்பு முடிந்ததாகக் கொள்ளாமல், அந்தப் பெண் அங்கே முதல் குப்பியை வாங்கிவிட்டார் என்று தெரியும் வரை அனுப்பிய மையமே பொறுப்பு என்று வையுங்கள். பிறகு அவர் கணவன் வீடு திரும்பும்போதும் இதே ஒழுங்கு வேண்டும். போகும்போது நழுவாதவர்கள் திரும்பும்போது நழுவுவதும் உண்டு.

இதோடு, வார்டிலிருந்து வீடு அனுப்பும்போதே மூன்று மாத மருந்தைக் கையில் கொடுத்துவிடலாம். நிலையான சிகிச்சையில் இருப்பவர்களுக்குப் பல மாத மருந்தை ஒருசேரத் தரும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. 2020 ஊரடங்கின்போது அதைப் பரவலாகக் கையாண்டோம், நான் அறிந்தவரை பாதகம் எதுவும் நேரவில்லை. அண்மையில்தான் சிகிச்சை தொடங்கியவர், ரத்தத்தில் வைரஸ் அளவு இன்னும் அடங்காதவர் என்றால் அவரை அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும் என்பது சரியே. பார்ப்பதை அடிக்கடி செய்யலாம், மருந்தை முன்கூட்டியே தரலாம். இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட வேண்டியதில்லை.

இனி வீட்டுக்குள் நடப்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். மையத்தின் கண்ணுக்குத் தெரியாத தடைகள் அங்கேதான் இருக்கின்றன.

இப்போது தரப்படுவது டெனோபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒற்றை மாத்திரை, நாளுக்கு ஒன்று. முந்தைய எபாவிரென்ஸ் மருந்து தலைசுற்றல் தரும் என்பதால் இரவில் படுக்கும் முன் போடச் சொன்னோம். அந்தப் பழக்கத்தில் இன்றும் பல மையங்களில் "ராத்திரி ஒன்பது மணி" என்றே சொல்லப்படுகிறது. டொலுடெக்ராவிர் மருந்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பிள்ளை பெற்றவளின் அறையில் இரவு ஒன்பது மணிக்குத் தாய், அத்தை, பார்க்க வந்தவர்கள் எல்லாரும் இருப்பார்கள். விடியற்காலையோ நண்பகலோ, அவர் தனியாக இருக்கும் நேரம் எது என்று கேட்டு, அதையே மாத்திரை நேரமாக வைக்கலாம்.

ஆனால் இதே மருந்தில் வேறொரு கவனம் தேவைப்படுகிறது, அதைச் சொல்பவர்கள் மிகக் குறைவு. பிரசவித்த தாய்க்கு ஆறு மாத காலம் இரும்புச்சத்து மாத்திரையும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் ஆரம்ப சுகாதார நிலையம் தருகிறது. வெறும் வயிற்றில் இவற்றோடு சேர்த்து டொலுடெக்ராவிரை விழுங்கினால், மருந்து உடம்பில் சேருவது கணிசமாகக் குறைந்துவிடும். சத்து மாத்திரைக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ அதைப் போட வேண்டும், அல்லது சாப்பாட்டோடு சேர்த்து எல்லாவற்றையும் ஒன்றாக விழுங்கலாம். நாளுக்கு மூன்று வேளை சத்து மாத்திரை போடும் தாய்க்கு முன் கணக்கும் பின் கணக்கும் ஒத்துவராது, சாப்பாட்டோடு சேர்த்துப் போடுவதே எளிது. அதிலும் பத்தியச் சாப்பாடு என்ற பெயரில் அவருக்கு என்ன கிடைக்கிறது, எப்போது கிடைக்கிறது என்பதையும் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். ஒரு கையில் கூட்டு மருந்தும் மறு கையில் சத்து மாத்திரையும் தரும் நம் இரு துறைகளும் இந்த ஒரு வாக்கியத்தைச் சேர்ந்து சொல்லாதது எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது. ஒழுங்காகத்தான் போடுகிறேன் என்று சத்தியம் செய்யும் பெண்ணின் வைரஸ் அளவு குறையவில்லை என்றால், அவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டும் முன் சத்து மாத்திரையை எப்போது போடுகிறார் என்று கேட்கச் சொல்லுங்கள்.

குப்பியும் ஒரு சிக்கல். முப்பது மாத்திரை உருளும் சத்தத்துக்குப் பயந்து பஞ்சு அடைத்து வைப்பவர்களும், மேல்தாளைக் கிழித்துவிட்டுத் தைராய்டு மாத்திரை என்று சொல்பவர்களும் உண்டு. ஈரம் படாமல் மூலக் குப்பியிலேயே வைக்க வேண்டிய மருந்தை அரிசிப் பானையில் புதைத்து வைக்கும் நிலை வரக்கூடாது என்றால், பெயரும் அடையாளமும் வெளியே தெரியாத உறையில் மருந்தைத் தருவது பற்றி யோசிக்க வேண்டும்.

தாய்ப்பால் விஷயத்தில் நம் ஊழியர்களே இருவேறு விதமாகப் பேசுகிறார்கள். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் தரலாம், தாய் கூட்டு மருந்தைத் தொடர வேண்டும், குழந்தைக்குக் குறைந்தது ஆறு வாரம் தடுப்புச் சொட்டு மருந்து தர வேண்டும் என்பது தேசிய வழிகாட்டுதல். தாய் மருந்தை ஒழுங்காகத் தொடர்ந்தால் தாய்ப்பால் வழித் தொற்று 100க்கு ஒன்றுக்கும் கீழே இருந்ததை, புனே நகரமும் இடம்பெற்ற பன்னாட்டு ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. ஆனால் "உனக்கு இந்த நோய் இருக்கிறது, பால் கொடுக்காதே" என்று பிரசவ வார்டிலேயே சொல்லிவிடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தப் பெண் புட்டிப் பாலோடு தாய்வீடு போகிறார். ஏன் பால் கொடுக்கவில்லை என்ற கேள்விக்குப் பதில் தேடியே அவர் களைத்துப்போகிறார், அந்தக் கேள்வியே அவரது நிலையை ஊருக்குக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. இன்னொரு பக்கம், பால் கொடுக்கும் தாயின் பிள்ளைக்குப் பெரியவர்கள் சேனை வைப்பதும், பாட்டி உரைமருந்து புகட்டுவதும், சர்க்கரைத் தண்ணீர் தருவதும் நடக்கின்றன. தாய்ப்பாலோடு பிறவற்றையும் கலந்து கொடுப்பது குழந்தையின் குடலைப் புண்படுத்தித் தொற்றுக்கு வழிதிறக்கும் என்பதைப் பாட்டியிடம் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. பற்றிப் பேசாமலே, எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவான அறிவுரையாகக் கிராம சுகாதார செவிலியர் அதைச் சொல்லிவிட முடியும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். குழந்தையின் சொட்டு மருந்து சில வாரங்களில் முடிந்துவிடுகிறது. அதன்பிறகு பால் குடிக்கும் காலம் முழுவதும் குழந்தைக்கு இருக்கும் ஒரே காப்பு தாய் விழுங்கும் மாத்திரைதான். அவர் நிறுத்தினால் சில வாரங்களிலேயே வைரஸ் பெருகிப் பாலிலும் வந்துவிடும். குழந்தையை மட்டும் கணக்கில் வைப்பவர்களுக்குக்கூட இந்தக் காரணம் போதும். எனக்குப் போதாது. பால் மறந்த பிறகும் அந்தத் தாய் உயிரோடும் நலத்தோடும் இருக்க வேண்டும்.

தாயின் வருகைகளைக் குழந்தையின் தடுப்பூசி நாள்களோடு இணைப்பது அடுத்த கோரிக்கை. ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம் என்று புதன்கிழமை ஊசிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவதற்கு எந்த வீட்டிலும் தடை சொல்லமாட்டார்கள், காரணமும் கேட்கமாட்டார்கள். ஒன்றரை மாத ஊசியும் குழந்தையின் முதல் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஒரே வாரத்தில் வருகின்றன. ஒன்றரை வயது ஊசியும் இறுதிப் பரிசோதனையும் அப்படியே ஒத்துவருகின்றன. அந்த நாள்களிலேயே தாயின் மருந்தும் அவரது வைரஸ் அளவுப் பரிசோதனைக்கான ரத்தமும் முடிந்துவிட்டால், தனியாக ஒரு நாள் வெளியே போகப் பொய் தேட வேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இதைச் செய்வதா, கூட்டு மருந்து மையத்தின் கிளையான இணைப்பு மையத்தில் செய்வதா என்பது மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடலாம், அந்தப் பெண்ணின் விருப்பத்தைப் பொறுத்தும் வேறுபட வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் வழியாக ரத்த அழுத்த மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்த் தருகிற நிர்வாகத்துக்கு இது இயலாத காரியமல்ல. இந்த மருந்தை மட்டும் யாரும் கேட்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய்விடாதீர்கள். தொற்றுள்ளவரின் நிலையை அவரது இசைவின்றி வெளியிடக் கூடாது என்பது 2017ஆம் ஆண்டுச் சட்டம். நல்லெண்ணத்தோடு வாசலில் வந்து நின்ற ஊழியரால் குடும்பம் உடைந்த கதைகளை நான் கேட்டிருக்கிறேன்.

பிள்ளைப்பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வையும் இங்கே குறிப்பிட வேண்டும். தூக்கமின்மை, தொற்று தெரிந்த துயரம், "உன்னால்தான் வந்தது" என்ற பழி எல்லாம் ஒன்றாக அழுத்தும் வாரங்களில் மாத்திரையை மறப்பதற்குப் பெயர் அலட்சியமல்ல. கணவருக்குப் பரிசோதனையே செய்யாமல் பழியை முழுதாக மனைவிமேல் போடும் வீடுகளில் இது இன்னும் கடுமை. தொடர்பு விட்டுப்போன பெண்ணிடம் கண்டிப்புக் குரலில் பேசுவதை நம் மையங்கள் நிறுத்தினாலே, திரும்பி வருபவர்களின் எண்ணிக்கை கூடும் என்பது என் அனுபவம்.

அப்படிப் பேசத் தெரிந்தவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். தொற்றோடு வாழ்ந்து, கூட்டு மருந்து எடுத்து, நலமான பிள்ளைகளை வளர்க்கும் தாய்மார்கள்தான் அவர்கள். தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் 2001இல் தொடங்கிய 'மதர்ஸ் டு மதர்ஸ்' அமைப்பு, இத்தகைய தாய்மார்களைச் சம்பளத்துக்கு அமர்த்தி, புதிய தாய்மார்களுக்குத் துணையாக மருத்துவமனைகளிலேயே பணிசெய்ய வைத்தது. நமக்கு அவ்வளவு தூரம் போய்ப் பார்க்கத் தேவையில்லை. தொற்றுள்ள பெண்களே நடத்தும் பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் 1998இலேயே சென்னையில் உருவானது. இத்தகைய பெண்களின் உழைப்பை நாம் பல்லாண்டுகளாகத் தன்னார்வம் என்று சொல்லி, பேருந்துக் கட்டணம் மட்டும் கொடுத்து வாங்கிவந்திருக்கிறோம். ஒவ்வொரு கூட்டு மருந்து மையத்திலும் ஒரு தாய்த்துணைவரையாவது மாத ஊதியத்தில் பணியமர்த்துங்கள். ஒப்படைப்பின்போது புதிய ஊரில் கேட்கும் அந்தத் தெரிந்த குரல் இவருடையதாக இருக்கலாம்.

கடைசியாக, கணக்கு. பதினெட்டு மாதத்தில் குழந்தையின் இறுதிப் பரிசோதனை முடிவு என்ன என்பதை இன்று ஒவ்வொரு மாவட்டமும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதே நாளில் அந்தக் குழந்தையின் தாய் மருந்தில் இருக்கிறாரா, அவரது வைரஸ் அளவு அடங்கியிருக்கிறதா என்பதையும் அதே வரிசையில், அடுத்த கட்டத்தில், எழுதச் சொல்லுங்கள். மாவட்ட ஆய்வுக் கூட்டத்தில் மேலதிகாரி கேட்கிற எண்ணைத்தான் கீழே இருப்பவர்கள் காப்பாற்றுவார்கள். பணியில் இருந்தபோது நானும் அப்படித்தான் நடந்துகொண்டேன், என் சக ஊழியர்களும் அப்படித்தான். ஆனால் பணமுடிப்பையோ மகப்பேறு உதவித்தொகையின் தவணையையோ இதற்கு நிபந்தனையாக்கிவிடாதீர்கள். தவணையை இழக்கும் பயம் அவரை மையத்துக்கு வரவழைக்கலாம், மாத்திரையை விழுங்க வைக்காது.

மாநிலம் முழுவதும் ஒரே நாளில் இதைத் தொடங்க முடியாது என்பதை அறிவேன். பெண் கொடுத்து பெண் எடுக்கும் பக்கத்து மாவட்டங்கள் இரண்டை, எடுத்துக்காட்டாக நாமக்கல்லையும் சேலத்தையும், முதலில் தேர்ந்தெடுத்து, ஓராண்டுக்கு இந்த ஒப்படைப்பு முறையை நடத்திப் பார்க்கலாம். அதற்கான ஆணையை வரையும் குழுவில் ஆலோசகர்களும் கிராம சுகாதார செவிலியர்களும் இருக்க வேண்டும், அண்மையில் பிள்ளை பெற்ற, தொற்றோடு வாழும் தாய்மார்கள் குறைந்தது இருவராவது பெயர் வெளியிடப்படாமல் இடம்பெற வேண்டும். உங்கள் இரு துறைகளும் இணைந்து இதைப் பரிசீலித்து, எடுக்கும் முடிவைக் கூட்டு மருந்து மையங்களுக்கும் தொற்றுள்ள பெண்களின் அமைப்புகளுக்கும் எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முன்னாள் ஆலோசகர், நம்பிக்கை மையம்